பெரோகிக்கு இரண்டு வீடு

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
ஐஸ் பெட்டிக்குள் வெந்நீர்ப் பை,
பையின் மேல் துண்டு,
துண்டின் மேல் ஒரு தாடி ஓணான்.
குளிரைக் காக்கச் செய்த பெட்டி
சூட்டைக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு மாலை ஐந்து மணி.
ஹாக்கி அரங்கின் வாகன நிறுத்தத்தில்
என்ஜினை அணைக்காத இரண்டு வண்டிகள்.
ஓரெஸ்ட் இறங்குகிறான். வெர்னா இறங்குகிறாள்.
முதலில் பெட்டி கைமாறும்,
பிறகு பள்ளிப்பை,
பிறகு ஒன்பது வயது லெவ்கோ.
இந்த வரிசை நீதிமன்றத் தாளில் இல்லை.

பெரோகி என்று பெயர் வைத்தது பையன்தான்:
உருளைக்கிழங்கு பொதிந்த அவர்கள் பலகாரம்,
நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி.
பெயருக்கேற்ற வயிறும் வந்துவிட்டது.
வேலியில் போன ஓணானை
மடியில் விட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும்.
இங்கே வேலி பனிக்குள் கிடக்கிறது;
ஓணான் கடையிலிருந்து வந்தது, ரசீதோடு.

டாக்டர் ஒகிமாவ் தராசைப் பார்த்தார்:
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
தாடையை இரு விரலால் மெல்ல அழுத்தினார்.
"எலும்பு இன்னும் பரவாயில்லை. இன்னும்."
அந்த இரண்டாவது 'இன்னும்'
வெர்னாவுடன் காரில் ஏறிக்கொண்டது.

தினமும் கீரை. வாரம் இரண்டே நாள் பூச்சி,
அதுவும் கால்சியம் தூளில் புரட்டி.
பசலை வேண்டாம், இருக்கிற சுண்ணாம்பையும் கட்டிப்போடும்.
மெழுகுப் புழுவா?
அது உணவில்லை அம்மா, மிட்டாய்.

வெர்னா வீட்டு வாரம்.
கடுகுக்கீரை, நூலாக அரிந்தது.
பரங்கிக்காய், துருவியது.
பெரோகி ஒரு கண்ணால் தட்டைப் பார்க்கும்,
மறு கண்ணால் வெர்னாவை.
பிறகு தட்டின் மேலேயே ஏறி நடந்து
விளக்கடிக் கல்லில் படுத்துக்கொள்ளும்,
பாதத்தில் ஒட்டிய பரங்கியோடு.

மூன்றாம் நாள் தாடி கறுத்தது.
நான்காம் நாள் லெவ்கோ சொன்னான்,
"அப்பா வீட்டில் சாப்பிடுமே."
என்ன சாப்பிடும்?
அவன் காலுறையைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

அன்றிரவு ஆறு வரி தட்டி, ஆறையும் அழித்து,
ஒன்றை அனுப்பினாள்: புழுவை நிறுத்து.
ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள்.
எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற விரல்.
மீந்த கடுகுக்கீரையைத்
தொட்டியருகே நின்றபடி தானே தின்றாள், உப்பில்லாமல்.
கசப்பு.
பெரோகியைக் குறை சொல்ல முடியவில்லை.

அடுத்த வியாழன், இரவு பதினொன்று இருபது.
"தின்றுவிட்டது" என்றான் ஓரெஸ்ட்.
யார்? எதை?
"கீரையை. ஐஸில் மீன் பிடிக்கும் குட்டைத் தூண்டில் இருக்கிறதே,
அதன் நூலில் கட்டி ஆட்டினேன்.
முள்ளைக் கழற்றிவிட்டேன்.
தரையில் குப்புறப் படுத்து இருபது நிமிடம், வெர்னா.
பூச்சி என்று நினைத்துப் பாய்ந்தது.
ஆறு இலை.
முள்ளைக் கழற்றிவிட்டுத்தான்."
அவள் இன்னும் கேட்கவே இல்லை.
பணத்தைப் பற்றியல்லாமல் அவன் அழைத்துப்
பதினான்கு மாதம் இருக்கும்.
"பரங்கி?" என்றாள்.
"பரங்கிக்கு மசியவில்லை."
இருவரும் சற்று நேரம் பரங்கியைப் பற்றிப் பேசினார்கள்.

ஞாயிறு.
பெட்டி, தூண்டில், பள்ளிப்பை, பையன்.

திங்கள் இரவு கம்பளத்தில் குப்புறப் படுத்திருக்கிறாள் வெர்னா.
நூல் முனையில் ஒற்றை இலை துடிக்கிறது.
பெரோகி தலையைச் சாய்த்துப் பார்க்கிறது,
ஓரடி வைக்கிறது, நிற்கிறது,
கண்ணை மூடிக்கொள்கிறது.
தரையில் தாடையை ஊன்றிக் கிடக்கும் லெவ்கோ
ரகசியம் போலச் சொல்கிறான்:
"அம்மா, அப்பா இன்னும் மெதுவாக ஆட்டுவார்."